தோன்றா எழுவாய்: காந்தள் விரல்களும் கண்வலிக் காடும்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. சங்க அக இலக்கியத்தில் பெண்ணுடலின் உறுப்புகள் எந்தெந்தத் தாவரங்களோடு ஒப்பிடப்படுகின்றன என்பதைப் பாடல் எண்ணோடு தொகுத்த அட்டவணை. கண்ணுக்குக் குவளை, பல்லுக்கு முல்லை, தோளுக்கு மூங்கில், விரலுக்குக் காந்தள். அதைத் தொகுக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மற்ற இயல்களை விட்டுவிட்டு அந்த அட்டவணையைத்தான் பாராட்டினார். நானும் மகிழ்ந்தேன். பிறகு என் முதல் கவிதைத் தொகுப்பிலும் ஒரு காந்தள் விரல் வந்தது.

அந்த அட்டவணையில் எண்ணிக்கைப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இன்று அதை எடுத்துப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணம், ஐந்தாண்டுகளுக்கு முன் என்னிடம் முதுகலை படித்த ஒரு மாணவி.

ஒட்டன்சத்திரத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்துபோனவள். புரட்டாசி பிறந்ததிலிருந்து கார்த்திகை வரை அவள் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை. வந்த நாளிலும் மதியத்துக்கு மேல்தான் வந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“கண்வலிக் காட்டுக்குப் போயிருந்தனுங்கம்மா. பூச் சேர்க்கற வேலைங்க. எங்கம்மா ஒருத்தி கூலி பத்தாதுங்க.”

அன்றைக்கு வகுப்பில் குறுந்தொகை. காந்தள் போன்ற மெல்விரல் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். படம் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியும் என்று கைப்பேசியில் செங்காந்தள் படத்தை எடுத்து முன்வரிசையில் கொடுத்தேன். அது கைமாறி அவளிடம் போனதும் அவள் சிரித்துவிட்டாள். “இது கண்வலிப் பூவுங்க. இதத்தான் காலையில தொட்டுட்டு வந்தனுங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அது மென்மையான கை அல்ல.

இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது. இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றி நாம் எழுதும் ஆய்வுகளில், இலக்கியத்திலும் அறிவியலிலும் சட்டத்திலும், அந்தக் கை எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் பற்றியது.

*

செங்காந்தளுக்குத் தமிழில் பல பெயர்கள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு. கொங்குப் பகுதி உழவர்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நச்சுச் செடியை விட்டுக் குழந்தைகளை விலக்கி வைப்பதற்குப் பெரியவர்கள் சொன்ன சொல்லாக அது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். தமிழ்நாடு அரசுக்கு அது மாநில மலர். ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். ஈழத்தில் விடுதலைப் புலிகள் தங்கள் தேசிய மலராக அதையே வைத்தார்கள். வெவ்வேறு கொடிகளின் கீழ் நிற்க ஒரே பூவால் முடிந்திருக்கிறது.

இந்தச் செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற காரப்போலி இருக்கிறது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்சிக்கம் என்ற வேறொரு செடியிலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்த பொருள் அது. கீல்வாத வகைகளில் ஒன்றான கௌட் நோய்க்கு இன்றும் அதுதான் முக்கியமான மருந்துகளில் ஒன்று. மத்தியதரைக்கடல் பகுதிக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சலுக்கும் அதையே கொடுக்கிறார்கள். 2023இல் இதயநோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் கொடுப்பதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, பயங்கரமானதும்கூட. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகள் உருவாகும். கோல்சிசின் அந்த இழைகள் உருவாவதைத் தடுத்துவிடுகிறது. செல் பாதியில் நின்றுவிடும். அதே தடுப்பால் வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி நகர்வதும் குறையும், அதனால் வீக்கமும் வலியும் குறையும். அளவு மிஞ்சினால் உடலில் வேகமாகப் பிரிந்து வளரும் செல்களெல்லாம் நின்றுபோகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளிதான். இந்தக் கிழங்கைச் சாப்பிட்டு, தவறுதலாகவும் வேண்டுமென்றும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் இதைப் பயன்படுத்துவதில்லை.

ஆகவே, இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று சொல்பவர்களுக்கு முதலில் இந்தப் பூவைக் காட்டலாம். ஒவ்வொரு நோய்த்தொற்றுக் காலத்திலும் நம் கைப்பேசிகளுக்கு வந்துசேரும் மூலிகைக் குறிப்புகளில் பக்கவிளைவு இல்லாதது என்ற சொற்றொடர் தவறாமல் இருக்கும். அந்தக் கஷாயங்களைக் காய்ச்சி, வடிகட்டி, குடும்பத்துக்குக் கொடுத்து, குடிக்காதவர்களிடம் கெஞ்சியவர்கள் பெண்கள். விளைவுக்குப் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. இயற்கையை அன்னை என்று சொல்லும் பழக்கம் இதற்கு உதவியாக இருக்கிறது. அன்னை தீங்கு செய்யமாட்டாள், அன்னை கூலி கேட்கமாட்டாள் என்ற இரண்டு நம்பிக்கைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

*

மாணவியின் ஊருக்கு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை போனேன். கம்பி கட்டி, கிளுவைக் குச்சி ஊன்றிப் படரவிட்ட கொடிகள். மஞ்சளாக விரிந்து நாளாக ஆகச் சிவக்கும் பூக்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்தப் பூவை அத்தனை நெருக்கமாக நான் பார்த்தது அப்போதுதான். 19 ஆண்டுகள் காந்தளைக் கற்பித்த பிறகு.

பூவின் அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு மகரந்தத் தாள்களும் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி வேறு பக்கம் போய்விடுகிறது. ஆகவே மகரந்தம் தானாகச் சூல்முடியில் விழுவது அரிது. காட்டில் வண்ணத்துப்பூச்சி போன்றவை அந்த வேலையைச் செய்யும். ஏக்கர் கணக்கில் பயிரிட்ட இடத்தில் அவற்றை நம்பியிருந்தால் காய் பிடிக்காது. விதைக்குத்தான் விலை. கோல்சிசின் எடுக்க விதைதான் வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது. ஆகவே ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டாக வேண்டும். ஒரு பூவின் மகரந்தப்பையை எடுத்து மற்றதன் சூல்முடியில் மெல்லத் தொட்டுவிட வேண்டும். அழுத்தினால் முடி ஒடியும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இன்றைக்கு விரிந்த பூவை இன்றைக்குத் தொட வேண்டும். மறுநாள் மறுநாளின் பூ.

அந்தக் காட்டில் அன்று வேலை செய்தவர்கள் பதினொரு பேர். பதினொருவரும் பெண்கள். மாணவியின் அம்மா என்னை வரப்பில் உட்காரச் சொன்னார்.

“டீச்சரம்மா, நீங்க தொட வேண்டாங்க. தொட்டா கண்ணுல கை வெச்சுராதீங்க.”

இது சங்க இலக்கியத்தில் காந்தள் என்று வருகிறது என்று சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. “காந்தளுங்களா? நாங்க கண்வலிங்கறதுங்க” என்றார். பெண்களின் விரலை இந்தப் பூவுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள் என்று சொன்னபோது பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். “ஆரு பாடுனாங்க, வெரலக் கழுவாம சோத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேலை முடிந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் அவர்கள் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார்கள். பூச்சிமருந்து அடித்த காடு, நச்சுப் பூ. கையுறை யாரும் கொடுக்கவில்லை. கையுறை போட்டால் சூல்முடி விரலுக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். அன்றைய கூலி 300 ரூபாய். மருந்தடிக்கும் ஆண்களுக்கு அதைவிடக் கூடுதல்.

வீட்டுக்கு வந்து குறுந்தொகையின் 167ஆம் பாடலை எடுத்தேன். கூடலூர் கிழாருடையது. மகள் இல்லறம் நடத்துவதைப் பார்த்து வந்த செவிலி நற்றாயிடம் சொல்வது. தயிர் பிசைந்த காந்தள் விரல்களை ஆடையில் துடைத்து, அந்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படத் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை இனிது என்று கணவன் உண்டான். அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் எல்லா வகுப்பறைகளிலும் இந்தப் பாடல் போகிறது. நானும் அப்படித்தான் நடத்தினேன். என் அட்டவணையில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: விரல், காந்தள், மென்மை.

அன்றிரவு அந்தப் பாடலின் வினைகளை மட்டும் எழுதிப் பார்த்தேன். பிசைதல், உடுத்தல், துழாவுதல், அடுதல். நான்கும் அவளுடையவை. கணவனுக்கு ஒரு வினைதான், உண்ணல். இறுதியில் மகிழ்வதற்கு எழுவாய் அவள்கூட இல்லை, அவள் முகம். இத்தனை வேலை செய்யும் விரலுக்கு நான் கண்ட ஒரே பண்பு மென்மை. கவிஞர் அந்த விரலைத் தயிரோடும் அழுக்கு ஆடையோடும் புகையோடும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். அவளே செய்தாள் என்பதற்குத் “தான்” என்று ஒரு சொல்லைத் தனியே போட்டிருக்கிறார். உவமையை மட்டும் பிடுங்கி எடுத்து அட்டவணையில் நட்டது நான். எனக்கு முன்னே பல தலைமுறை அறிஞர்கள்.

குறுந்தொகையின் 361ஆம் பாடலும் அப்படித்தான். கபிலர் பாடியது. தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழை வெள்ளத்தில் காலையில் ஒரு காந்தள் வேரோடு வந்து சேர்கிறது. தலைவி அதைத் தழுவிக்கொள்கிறாள், வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் தடுக்கவில்லை. அந்தத் தாய்க்கு மேலுலகம் கொடுத்தாலும் போதாது என்கிறாள். உரைகள் இதைக் காதலின் ஆற்றாமையாகப் படிக்கின்றன. அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் மலைச்செடி ஒன்றைக் கிழங்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பெண் நடும் காட்சி நம் இலக்கியத்தில் இருக்கிறது. காட்டுத் தாவரம் வீட்டுத் தாவரம் ஆவதைப் பற்றிய ஆய்வில் இந்த வினையை யாராவது எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. பழந்தமிழரின் தாவர அறிவு என்று தலைப்பிட்ட கருத்தரங்குகளுக்கு மட்டும் குறைவில்லை.

*

பழைய நூலில் வினையைப் படிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று இருக்கிறது. 1969இல் சீன அரசின் ரகசிய மலேரியா ஆய்வுத் திட்டத்தில் து யூயூ என்ற பெண் ஆய்வாளர் சேர்க்கப்பட்டார். பழைய மருத்துவ நூல்களைத் திரட்டிய அவருடைய குழு கிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்தது. சில சமயம் பலன் தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பை து யூயூ திரும்பப் படித்தார். அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சும் சூட்டில் மருந்து அழிகிறதோ என்று யோசித்தவர், குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971இல் அந்தச் சாறு விலங்குகளிடம் முழுப் பலன் தந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அவரிடம் முனைவர் பட்டம் இல்லை.

எங்கள் நூலில் எல்லாம் இருக்கிறது என்று அவர் மேடையில் முழங்கியிருந்தால் மலேரியா போயிருக்காது. அவர் ஒரு வினைச்சொல்லை நம்பினார், பிறகு அதைச் சோதித்தார். தமிழ்த்துறைகளில் இருக்கும் நாம் அந்த இரண்டில் முதலாவதையாவது செய்யலாம்.

இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். 1897இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். கோல்சிசினால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்பது 1937இல் தெரியவந்தது. அதே கோல்சிசினைக் கொண்டு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் குருத்துகளில் அவர் சோதனை செய்தார். இன்றும் அங்கே அவர் பெயரில் ஒரு வெள்ளை மக்னோலியா பூக்கிறது. 1955இல் பூமியின் முகத்தை மனிதர் மாற்றுவது பற்றி அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். 1984இல் சென்னைக்கு அருகே மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே இறந்தார். மருத்துவத் தாவரங்களும் பழங்குடிகளின் தாவர அறிவும் அவருடைய கடைசிக்கால அக்கறைகள். மதுரவாயல் வழியாகப் பேருந்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். தமிழ்ப் பாடநூல் ஒன்றில்கூட அவரைப் பற்றி நான் படித்ததில்லை.

*

கண்வலிக் கிழங்கைப் பற்றிய அறிவியல் கட்டுரைகளை மாணவியும் நானும் சேர்ந்து படித்தோம். ஆங்கிலத்தில் அவளுக்குத் தயக்கம், வேதியியலில் எனக்கு. மெதுவாகப் போனோம். கிழங்கின் எடை, விதையில் கோல்சிசின் விகிதம், உரத்தின் அளவு எல்லாம் இருந்தன. மகரந்தச் சேர்க்கை வரும் இடத்தில் ஒரே மாதிரியான வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. கையால் மகரந்தச் சேர்க்கை செய்யப்பட்டது.

நான் இலக்கணம் கற்பிப்பவள். செய்யப்பட்டது என்றால் யாரால் என்று கேட்க வேண்டும். செயப்பாட்டுவினை செய்தவரை விட்டுவிட்டுப் பேச இடம் கொடுக்கும். எழுவாய் வெளிப்படையாக இல்லாமல் வினையிலிருந்து உணர்ந்துகொள்ளும்படி நிற்பதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வாக்கியத்தில் செய்தவரை அப்படி உணரவும் முடியாது. கை மட்டும் இருக்கிறது, கைக்கு உரியவர் இல்லை. காந்தளுக்கு நிகண்டுகள் தரும் பெயர்களில் ஒன்று தோன்றி. குறிஞ்சிப்பாட்டு இரண்டையும் வேறு பூக்களாக வைக்கிறது என்றாலும் அந்தப் பெயர் அன்று என்னை உறுத்தியது.

சங்கப் பாடலைப் படித்த நான் வேலையை நீக்கி விரலை வைத்துக்கொண்டேன். அறிவியல் கட்டுரை ஆளை நீக்கி வேலையை வைத்துக்கொண்டது. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று படிப்பதில்லை. ஆனாலும் விடுபடுபவர் ஒருவரே.

சட்டத்திலும் இதுதான். 1995இல் மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து வழக்காடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. நல்ல காரியம். அதற்குச் சான்றாக நின்றவை அச்சிட்ட நூல்களும் ஆய்விதழ்களும்தாம். மஞ்சள் அரைத்துப் புண்ணில் பூசிய பாட்டியின் சொல் அங்கே சான்றாகாது. யாராவது அதை எழுதி, அச்சிட்டு, தேதி போட்டிருக்க வேண்டும். எழுதுகிற வாய்ப்பு யாருக்கு இருந்தது என்று அந்த நடைமுறை கேட்பதில்லை.

பயன் பகிர்வுக்கு உலகமே காட்டும் எடுத்துக்காட்டு கேரளக் காணிப் பழங்குடியினருடையது. களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை 1987இல் காட்டில் ஆய்வாளர்களுக்குக் காட்டிய காணிகளின் அறிவிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் வருவாயிலும் பாதி அவர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பாராட்ட வேண்டியதுதான். வழிகாட்டிகளாக வரலாற்றில் பெயர் பதிந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். காட்டில் ஆய்வாளர்களோடு நடந்தவர்கள் அவர்கள் என்பதால் அப்படி ஆனது. ஆனால் ஒரு சமூகத்தின் அறிவு, ஆய்வாளரோடு நடந்து போகக்கூடியவரின் அறிவாக மட்டும் பதிவாகிறது.

கண்வலிக் காட்டுப் பெண்களுக்கு இந்த எடுத்துக்காட்டும் உதவாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தம், பயிரிடப்படும் மருத்துவத் தாவரங்களுக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. பயிரிடுபவருக்குச் சுமை குறையட்டும் என்பது நோக்கம். பயிரிடுபவர் நிலத்துக்காரர். பூவைத் தொடுபவர் கூலி. எந்த வேளையில் சூல்முடி ஏற்கும், எவ்வளவு அழுத்தலாம் என்று பல ஆண்டுகளில் விரல்நுனி கற்றுக்கொண்டது அறிவு என்ற கணக்கில் வராது. மறுமுனையில், அமெரிக்காவில் நெடுங்காலமாக விற்றுவந்த கோல்சிசின் மாத்திரைக்கு 2009இல் ஒரு நிறுவனம் தனியுரிமை பெற்றதும் ஒரு மாத்திரை 9 சென்ட்டிலிருந்து ஏறத்தாழ 5 டாலருக்குப் போனது. அந்த நிறுவனம் புதிதாக எந்தச் செடியையும் கண்டுபிடிக்கவில்லை.

*

இந்தச் செடிக்கு வடமொழி மருத்துவ மரபில் உள்ள பெயர்களில் ஒன்று கர்ப்பபாதினி. கருவை வீழ்த்துவது என்று பொருள். மகப்பேற்றை எளிதாக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு செடிக்கு இப்படி ஒரு பெயர் வர வேண்டுமென்றால், அதற்கு முன் எத்தனை பெண்கள் எத்தனை இரவுகளில் அதைத் தேடியிருக்க வேண்டும். அதில் எத்தனை பேர் பிழைக்காமல் போயிருக்க வேண்டும். அந்த அறிவு மருத்துவச்சிகளுடையது. நூலில் ஏறியபோது பெயராக மட்டும் ஏறியது. கவிதை மரபு அதே பூவை விரலழகுக்கு எடுத்துக்கொண்டது. நான் அழகை ஆய்ந்தேன். பெண்ணின் உடலுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள உறவு என்று என் ஆய்வேட்டில் ஓர் இயலே இருக்கிறது. கர்ப்பபாதினி என்ற சொல் அதில் இல்லை.

மரபைக் கொண்டாடுபவர்கள் இதைக் கேட்டால், எல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்பார்கள். யாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொள்ள யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதுதான் பெண்ணிய வாசிப்பின் வேலை என்று நினைக்கிறேன். நவீன அறிவியலை மட்டும் நம்புபவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். கோல்சிசினின் மூலக்கூறு வடிவம் துல்லியமாகத் தெரியும். அதைக் காய்க்க வைக்கும் கையில் ஆண்டுக்கணக்கில் என்ன சேர்கிறது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த கட்டுரைகளில் பதில் இல்லை. அந்த ஊரில் யாரும் வந்து அவர்கள் கையைப் பார்த்ததும் இல்லை.

அந்தப் பருவத்தில் மாணவியின் வருகை 68 விழுக்காடு. 75 வேண்டும். குறைந்தவர்கள் பட்டியலில் துறை சார்பில் கையெழுத்திட்டது நான். கண்டனேஷன் கட்டணம் கட்டித்தான் தேர்வெழுதினாள். பூச் சேர்த்த கூலியிலிருந்து அதைக் கட்டினாள். காந்தள் விரல் என்பதில் உள்ள தொகையைச் சுட்டுக என்று அந்தத் தேர்வுக்கு நான்தான் கேள்வி எழுதியிருந்தேன். அவள் சரியாக எழுதியிருந்தாள், உவமைத்தொகை என்று. இரண்டு மதிப்பெண்.

இறுதிப் பருவத்தில் குறுந்தொகைக் காந்தள் பாடல்களையும் தன் ஊர்ப் பெண்களின் பேச்சையும் ஒன்றாக வைத்து ஆய்வுத்திட்டம் செய்தாள். புறத்தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் குறுந்தொகையின் முதல் பாடலைச் சொன்னாள். திப்புத்தோளார் பாடியது. தலைவன் கையுறையாகக் காந்தளைக் கொண்டுவருகிறான். முருகனின் எங்கள் மலையிலேயே குருதி நிறக் காந்தள் குலைகுலையாக இருக்கிறது என்று தோழி அதை வாங்க மறுக்கிறாள். “மொதப் பாட்டுலயே ஒரு பொம்பள வேண்டாங்கறாளுங்கய்யா. அவளுக்கு அந்தப் பூவப் பத்தித் தெரியுங்க” என்றாள். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பெண் சுமாராகத்தான் போட்டார்.

அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் பதினொரு பெண்களின் பெயர்களையும் எழுதியிருந்தாள். அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிட்டாள். நான் காரணம் கேட்டேன். “அவங்களே வேண்டான்னுட்டாங்கம்மா. காட்டுக்காரர் கண்ணுல பட்டா அடுத்த வருசம் வேலைக்குக் கூப்பிடமாட்டாருங்க.” இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர்கள் இல்லாததற்கு அதுவே காரணம்.

இப்போது 167ஆம் பாடலை நடத்தும்போது உவமைக்கு முன் வினைகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். பத்து நிமிடம் ஆகிறது. பாடத்திட்டம் முடிவதில்லை என்று துறைத்தலைவர் சொல்கிறார்.